மேட்டுத் தெருவுக்கு ஒரு மகான்

குளியலறைக் கதவில் இருந்த விரிசலைக் காணவில்லை.

வேலை முடிந்து வந்து கை கழுவப் போனவள் கைப்பிடியைத் தொட்டபடியே நின்றாள். கைப்பிடிக்குக் கீழே பலகை உள்வாங்கி, கோழிக்கால் போல மூன்று கிளையாகப் பிளந்திருக்கும். அவள் புருஷன் உதைத்தது. அன்றைக்கு அவள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குந்தியிருந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ வருடமாக, உள்ளே விளக்கைப் போட்டால் அந்தப் பிளவு வழியாக வெளிச்சம் கூடத்துச் சுவரில் விழும். இப்போது விளக்கைப் போட்டுவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திப் பார்த்தாள். சுவர் இருட்டாக இருந்தது.

யாரோ பசை வைத்து அடைத்திருக்க வேண்டும் என்று கதவை முகர்ந்து பார்த்தாள். பசை வாசம் இல்லை, புதுச் சாயத்தின் வாசம் இல்லை. சோப்பும் பாசியும் ஊறிய பழைய மரத்தின் ஈர வாசம்தான். விரலால் தடவினாள். பச்சைச் சாயம் அந்த இடத்திலும் மற்ற இடங்களைப் போலவே வெளுத்து, செதில் விட்டு, செதிலுக்கு அடியில் வருடக்கணக்கான அழுக்கு ஏறியிருந்தது. அது ஒட்டுப்போட்ட கதவு இல்லை. உதையே வாங்காத கதவு.

வீடு பூட்டியிருந்தது. சாவி அவளிடம் மட்டும்தான் இருக்கிறது.

அவள் பயப்படுகிற ரகம் இல்லை. பயப்பட வேண்டியதையெல்லாம் அந்த ஆள் உயிரோடு இருந்தபோதே பயந்து தீர்த்தாயிற்று என்றுதான் நினைத்திருந்தாள். கை கழுவினாள். துண்டில் துடைத்தாள். துடைக்கும்போது, முந்தின நாள் சாயங்காலம் வாசலில் நின்று தான் சொன்ன ஒரு வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது. துண்டு கையிலேயே நின்றது.

அவள் புருஷன் தண்ணீர் வாரியத்தில் பம்ப் ஆபரேட்டர். பம்ப் அறையில் உட்கார்ந்து மோட்டாரைப் போடுவது, எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் போக வேண்டுமோ அந்த வால்வைத் திறப்பது, மூடுவது. இவ்வளவுதான் வேலை. இந்தக் கொஞ்சூண்டு வேலையை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு பெரிய ராஜாவாக முடியுமோ அவ்வளவு ஆகியிருந்தான். ஒரு முறை மேட்டுத் தெருவில் உடைந்த குழாயைப் பார்க்கப் போனவன் சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். யாரோ சிரித்தார்கள். யார் என்று தெரியவில்லை. அதனால் தெருவுக்கே தண்டனை. அன்றிலிருந்து மேட்டுத் தெரு வால்வைப் பேருக்குத் திறந்து, குழாய்கள் இருமத் தொடங்கும்போதே மூடிவிடுவான். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பான். "இன்னிக்கும் காத்துதான் குடிச்சிருப்பானுங்க."

ஒரு நாள் அந்த வால்வைத் திறந்துவிட்டு, மூடுவதற்குள் செத்துப்போனான். குடித்திருந்தான். கால் மடக்கி உட்கார்ந்து, முதுகை மோட்டார் மேடையில் சாய்த்தபடி நெஞ்சு நின்றுவிட்டது. காலையில் வேலை மாற்றிக்கொள்ள வந்தவன் பார்க்கும்போது உடம்பு விறைத்திருந்தது. நிமிர்த்திப் படுக்கவைக்க முடியவில்லை. அந்த ராத்திரி முழுக்க மேட்டுத் தெருவில் தண்ணீர் கொட்டியிருந்தது, கடைசி வீட்டு மாடி வரைக்கும்.

மூடுகிறவன் செத்தான், தண்ணீர் வந்தது. சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம். மேட்டுத் தெருக்காரர்களுக்கு மட்டும் அது வேறு மாதிரி புரிந்தது. உட்கார்ந்தபடியே உயிரை விட்டாராம். போகிற உயிர் தண்ணீராகத் தங்கள் தெருவில் ஏறியதாம். அடுத்து வந்த ஆபரேட்டருக்கு யார் மேலும் வன்மம் கிடையாது; முறைப்படி வால்வைத் திறந்தான், தினமும் தண்ணீர் வந்தது. தினமும் வந்த தண்ணீரும் செத்தவன் பேரிலேயே ஏறியது.

மகான் ஆவதற்கு இரண்டே தகுதி போதும் என்று அவள் அப்போது தெரிந்துகொண்டாள். செத்திருக்க வேண்டும். செத்ததால் யாருக்காவது ஏதாவது கிடைத்திருக்க வேண்டும். மற்றதையெல்லாம் கிடைத்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி ஒரு தையல்காரர். மெலிந்த ஆள். வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டிருப்பது போல உதட்டைத் திறக்காமல் பேசுவார். முதல் தடவை நாலைந்து பேரோடு அவர் வாசலில் வந்து நின்றபோது அவள் உண்மையைத்தான் சொன்னாள்.

"உங்க தெருவுக்குத் தண்ணிய நிறுத்தி வச்சதே அந்தாளுதான். சேத்துல விழுந்தப்ப சிரிச்சீங்களாம். அதுக்குத்தான்."

தையல்காரர் கண்ணை மூடித் தலையாட்டினார். "தெரியும் தங்கச்சி. எங்களைச் சோதிச்சிருக்காரு."

"சோதனையா? வன்மம்யா அது."

"தாங்குறமான்னு பாத்திருக்காரு. தாங்கினோம். குடுத்துட்டாரு."

பின்னால் நின்ற ஒருத்தி மூக்கை உறிஞ்சி அழுதாள். இவர்களிடம் பேசுவதற்குச் சுவரிடம் பேசலாம், சுவர் பதிலுக்கு அழாது என்று நினைத்துக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு அவர்கள் வரும்போதெல்லாம், சீக்கிரம் ஒழிந்தால் போதும் என்று வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பப் பழகினாள். உண்மையைச் செலவழிக்கிற அளவுக்கு அவர்கள் பெறுமானம் உள்ளவர்களாக அவளுக்குத் தெரியவில்லை.

முந்தின நாள் வந்தவர்கள், அவருக்குக் கோபம் வருமா என்று கேட்டார்கள். உள்ளே அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"கோபமா? அவருக்கா? ஒரு கதவைக்கூட ஓங்கிச் சாத்தினதில்ல. போங்க, போய் வேலையப் பாருங்க."

அவர்கள் போய் வேலையைப் பார்த்தார்கள்.

மேட்டுத் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத தெரு. சரிவின் அடியில் முதல் வீட்டுக் குழாயில் சொட்டு விழுந்ததும், அந்த வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து அடுத்த வீட்டைப் பார்த்து "தண்ணி வந்திருச்சு" என்பார். அவர் அதற்கடுத்த வீட்டுக்குச் சொல்வார். கத்துவது கிடையாது, பக்கத்து வாசலுக்குக் கேட்கிற அளவுதான், ஒரே இழுப்பில். ஒருவர் சுணங்கினால் மேலே இருக்கிற அத்தனை பேர் குடமும் காலி. அதனால் கேட்டவர் யாரும் யோசிக்க மாட்டார், சந்தேகப்பட மாட்டார். வாங்கியதை அப்படியே கொடுப்பார். இப்போது தினமும் தண்ணீர் வந்ததால் சொல்லி அனுப்ப ஒன்றும் இல்லாமல் போயிற்று. பழகிய வாய் சும்மா இருக்குமா? மகானைப் பற்றிக் கேட்டதைச் சொல்லி அனுப்பத் தொடங்கினார்கள்.

அவள் வீடு முதல் வீட்டுக்கும் கீழே. பாலை இறக்கி வைத்துக்கொண்டே அதைக் கேட்டாள். "ஒரு கதவைக்கூட ஓங்கிச் சாத்தினதில்ல" என்று தையல்காரரின் ஊசிக் குரல். பிறகு ஒரு கனத்த பெண் குரல். பிறகு சளி கட்டிய குரல், பிறகு ஒரு சிறுமி, பிறகு யாரென்று பிரிக்க முடியாத குரல்கள், ஒன்றின் தோளில் ஒன்று ஏறிச் சரிவில் மேலே மேலே போய், கடைசியில் சில்வண்டுச் சத்தம் அளவுக்குத் தேய்ந்து நின்றது. அவள் அப்போது வாய்விட்டுச் சிரித்தாள்.

இப்போது துண்டைக் கொடியில் போட்டுவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. மகள்.

இருட்டுகிற நேரத்துக்கு மகள் தினமும் கூப்பிடுவாள். வேறு ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அப்பன் முறுக்கிய இடது முழங்கை சரியாகக் கூடவில்லை. அந்தக் கை பாதிதான் நிமிரும். பள்ளி முடித்த கையோடு வீட்டை விட்டுப் போனவள், சாவுக்கும் வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரப் பேச்சுக்காகத்தான் அவள் மிச்ச நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். இதை யாரிடமும் சொன்னதில்லை, மகளிடம்கூட.

"நம்ம குளியலறைக் கதவு ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? உன்னை உள்ள வச்சு அந்தாளு உதைச்சது. நான் கட்டிலுக்கு அடியில இருந்தேன். ஏம்மா?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"மகான் என்ன சொல்றாரு?"

"தெருவுக்கே தண்ணி குடுக்கிறாரு."

"உயிரோட இருந்தப்ப எந்திரிச்சுப் போய் ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் குடிச்சதில்ல. செத்ததுக்கப்புறம்தான் சுறுசுறுப்பு வந்திருக்கு."

அவள் சிரித்தாள். மகளுக்கு ஞாபகம் இருந்தது. கதவு எப்படியோ போகட்டும், அது போதும்.

மறுநாளும் தையல்காரர் வந்தார். இந்தத் தடவை அவள் விளையாடவில்லை. மகான் எப்போதாவது கை நீட்டியிருக்கிறாரா என்ற கேள்வியை அவர் முடிப்பதற்குள், தன் இடது முன்கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே, படகு மாதிரி கூர்நுனியோடு, தோல் சுருங்கி மினுங்கும் தழும்பு.

"இஸ்திரிப் பெட்டி. சட்டையில சுருக்கம் இருந்துச்சாம். பாத்துக்க. உங்க மகான் போட்ட கையெழுத்து."

தையல்காரர் வெகுநேரம் பார்த்தார். மூச்சு அவள் தோலில் பட்டது. பிறகு குனிந்து, அவள் இழுத்துக்கொள்வதற்குள், அந்தத் தழும்பில் தன் இரண்டு கண்களையும் ஒற்றிக்கொண்டார். ஈரமாக இருந்தது.

"அடிக்கிற கை இப்படி அழகா தடம் விடாதும்மா" என்றார். தங்கச்சி போய் அம்மா வந்திருந்ததை அவள் கவனித்தாள்.

பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராகக் குனிய வந்தார்கள். கையை உதறிக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்கு அப்பால் குரல்கள் புறப்பட்டன. யாரையும் அடிச்சதில்ல. யாரையும் அடிச்சதில்ல. யாரையும். சொல் சரிவேறிப் போனது. அவள் சோப்பைப் போட்டுக் கையைத் தேய்தேய் என்று தேய்த்தாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற வேலை. உருளையிலிருந்து சூடாக வருகிற விரிப்பை ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி, நெருங்கி வந்து முனையோடு முனை சேர்த்து, விலகி, மறுபடி நெருங்க வேண்டும். நாள் முழுக்க ஒருத்தியின் முகம் கிட்ட வந்து வந்து போகும். எதிர் முனையில் நிற்பவளுக்கு ரேடியோ என்று பட்டப்பெயர், வாய் ஓயாது என்பதால்.

மறுநாள் மூன்றாவது விரிப்பில் அவள் தன் கையைப் பார்த்தாள். நீராவியில் வேர்த்து, முழங்கை வரை ஒரே தோலாக, வழுவழுவென்று இருந்தது. விரிப்பின் முனை நழுவித் தரையில் விழுந்தது.

"என்னக்கா, தூக்கமா?" என்றாள் ரேடியோ.

"என் கையில தழும்பு இருந்துச்சே. நீகூட படகு படகுன்னு சொல்லுவியே."

ரேடியோ கிட்ட வந்து பார்த்தாள். "எந்தப் படகு? உன் கை வெண்ணெய் மாதிரில்ல இருக்கு. இந்த வேலையில இத்தனை வருஷமா இருந்துட்டு எப்படிக்கா ஒரு சூடுகூட படாம வச்சிருக்கேன்னு எனக்கு வயித்தெரிச்சல்." முனையை எடுத்து அவள் கையில் திணித்தாள். "மகான் சம்சாரம்னா சும்மாவா?"

கேலிதான். ஆனால் சொல்லி முடித்ததும் ரேடியோ வாயை மூடிக்கொண்டாள். வேலை முடியும் வரை வேறு ஒரு பேச்சும் பேசவில்லை. விரிப்போடு நெருங்கி வரும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள், கும்பிடப் போகிறவள் மாதிரி.

அன்று போன் அடிப்பதற்கு முன்பே அவளே கூப்பிட்டாள்.

"உன் கை எப்படி இருக்கு?"

"எந்தக் கை? ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. இப்பதான் மேல் அலமாரியில இருந்து பெரிய பெட்டிய இறக்கி வச்சேன், முதுகு விட்டுப்போச்சு."

"ரெண்டு கையாலயுமா?"

"பின்ன காலாலயா? என்னம்மா கேக்கிறே?"

"இடது கை. அப்பா முறுக்கினாரே."

மறுமுனையில் கடைச் சத்தம் கேட்டது. அட்டைப்பெட்டி கிழியும் சத்தம், மணி அடிக்கும் கதவு.

"அப்பாவா?" என்றாள் மகள். "அப்பா என்னை ஒரு அடி அடிச்சதில்லையேம்மா."

அந்த வாயிலிருந்து அப்பா என்ற சொல்லை அவள் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அந்தாளு, அவன், ஆபரேட்டர், பெரிய மனுஷன். அப்பா இல்லை.

போனை வைத்த பிறகு வெகுநேரம் விளக்குப் போடாமல் இருந்தாள். குழாயிலிருந்து சொட்டு விழுந்துகொண்டிருந்தது. நிமிராத கை நிமிர்ந்திருக்கிறது. மழை நாளில் அந்த மூட்டு வலித்து மகள் முனகுவது இனி இல்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்தச் சாயங்காலமும் மகள் தலையிலிருந்து போய்விட்டது. அந்த மடையர்கள் ஒரு மிருகத்துக்குப் பூச்சூட்டியதில் தன் மகளுக்கு ஒரு கை கிடைத்தது என்றால், கிடைக்கட்டும். அவன் என்ன செய்தான் என்பதைத் தான் ஒருத்தி மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். அவள் அதற்குத் தயார்.

ஒன்றே ஒன்று இடித்தது. மறுநாள் கேட்டாள்.

"அப்புறம் ஏன் நீ இங்கிருந்து போனே?"

மகள் யோசித்தாள். "தெரியலம்மா." வழக்கமான குரல் இல்லை. சாமான்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்ட அறைக்குள் நின்று பேசுகிற குரல். "போகணும்னு இருந்துச்சு. எதுக்குன்னு... இரு, கஸ்டமர் வந்திருக்காங்க."

அவர்கள் அடுத்த முறை வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. வாசல் கொள்ளாத கூட்டம். சரிவின் பாதி வரை நின்றார்கள். தொண்டையைச் செருமுகிற சத்தமும் செருப்பு தேய்கிற சத்தமும்தான். குளித்த தலைகளின் ஈர வாசம் காற்றில் அடர்ந்திருந்தது. தெருவே அவன் அனுப்பிய தண்ணீரில் குளித்துவிட்டு வந்திருந்தது.

தையல்காரர் முன்னால் வந்தார். இந்த முறை அவர் கேட்க வரவில்லை.

"எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சும்மா."

"என்ன?"

"அவரு உங்களைத் தொட்டதே இல்ல. ஒரே வீட்டுல ரெண்டு விளக்கு மாதிரி இருந்திருக்கீங்க. கிட்ட கிட்ட. ஒட்டாம."

அவளுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. "இதை உங்ககிட்ட யாரு சொன்னது?"

"சொன்னாத்தான் தெரியணுமா? அவ்வளவு சுத்தமானவரு. உடம்போட அசிங்கம் அவருக்கு எதுக்கு?"

"யோவ், எனக்கு ஒரு மக இருக்காய்யா."

சொல்லும்போதே அது விளங்கிவிட்டது. சிரிப்பு முகத்தில் அப்படியே காய்ந்தது. கதவு. தழும்பு. முழங்கை. அடுத்தது.

தையல்காரர் பாசத்தோடு பார்த்தார். "உலகத்துல இருக்கிற எல்லாப் பொண்ணும் உங்களுக்கு மகதான், தாயே."

அவருக்குப் பின்னால், முதல் வீட்டு வாசலில், கனத்த பெண் குரல் புறப்பட்டது. "தொட்டதே இல்ல."

அவள் வாசலைத் தாண்டி ஓடினாள்.

சொல் கடைசி வீட்டை எட்டினால்தான் எட்டியதாகும். எப்போதும் அப்படித்தான். கதவும் தழும்பும் சில்வண்டுச் சத்தம் நின்ற பிறகுதான் போயின. அதற்கு முன்னால் ஓடி, எங்காவது ஒரு வாயை அடைத்துவிட்டால் போதும். செருப்பைக் கழற்றி எறிந்தாள். கூட்டம் இரண்டு பக்கமும் விலகி வழிவிட்டது. விலகும்போது தலை குனிந்தது. சரிவின் கற்கள் ஈரமாக இருந்தன, எல்லாக் குழாயும் திறந்து கிடந்தன, எதன் கீழும் குடம் இல்லாமல் தண்ணீர் சும்மா கொட்டி, தெரு நடுவே ஓடி, அவள் காலுக்குக் குறுக்கே இறங்கி வந்துகொண்டிருந்தது.

"தொட்டதே இல்ல." சளி கட்டிய குரல், வலது பக்கம்.

"தொட்டதே இல்ல." சிறுமி, இடது பக்கம்.

"சொல்லாதீங்க! அவனுக்கு மக இருக்கா!" என்று கத்தினாள்.

ஒரு வாசலில் நின்றவர் அதைக் கேட்டார். அடுத்த வீட்டைப் பார்த்து, அமைதியாக, ஒரே இழுப்பில் சொன்னார். "அவருக்குப் பிள்ளைங்க நாமதான்."

வாங்கியதை அப்படியே கொடுக்கிற தெரு. அவள் கொடுத்ததை மட்டும் திருத்திக் கொடுத்தது.

ஓடினாள். ஒரு கிழவர் வாயைத் திறக்கும்போது பாய்ந்து உள்ளங்கையால் பொத்தினாள். பல் இல்லாத ஈறுகள் கைக்குள் அசைந்தன. சொல் அங்கே நிற்கவில்லை. அவர் தாடை அசைவதைப் பார்த்தே அடுத்த வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். கையை எடுத்தாள். கிழவர் அந்தக் கை பட்ட இடத்தைத் தடவிக்கொண்டு அழுதார்.

மகளை நினைத்துக்கொண்டே ஓடினாள். நினைப்பை விடாமல் இருந்தால் போதும். சிரிப்பு. கட்டிலின் அடி. ஒரு டம்ளர் தண்ணி என்று ஏதோ சொன்னாள், என்ன சொன்னாள்? மருந்துக்கடை. பெட்டி. மணி அடிக்கும் கதவு. மூச்சு இரைத்தது. பள்ளிக்கூடச் சட்டை. என்ன நிறம்? ஒரு நிறம் இருந்தது.

"தொட்டதே இல்ல."

தனக்கு முன்னால். எட்டு அடி முன்னால். பிடித்துவிடலாம்.

அடிவயிற்றில் வலி சுரீர் என்றது. கையை வைத்தாள். துணிக்கு மேலேயே தட்டுப்படும் அந்த நீளத் தையல், வயிற்றைக் கிழித்து மகளை எடுத்த தையல், விரலுக்குக் கீழே அசைந்தது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு. நிதானமாக. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு நூலை உருவுகிற மாதிரி. அவள் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே ஓட முடியவில்லை. நின்றாள்.

மேலே கடைசி வீட்டு வாசலில் யாரோ வாங்கினார்கள். யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்க அதற்கு மேல் வீடு இல்லை.

கைக்குக் கீழே வயிறு தட்டையாக, இறுக்கமாக இருந்தது.

எதற்காக இவ்வளவு வேகமாக ஏறி வந்தோம் என்று அவள் யோசித்தாள். மேட்டில் நல்ல காற்று வீசியது. கால் வலித்தது. யாரோ ஒரு ஸ்டூல் கொண்டு வந்து போட்டார்கள், உட்கார்ந்தாள். இரண்டு பெண்கள் அகலமான வட்டையில் தண்ணீர் கொண்டு வந்து அவள் பாதங்களை எடுத்து உள்ளே வைத்தார்கள். சில்லென்று இருந்தது. "அம்மா" என்றார்கள். "அம்மா" என்றார் தையல்காரர். சரிவு முழுக்க அந்தச் சொல்தான், ஈசல் இறக்கை அடிப்பது மாதிரி.

அவள் இடுப்பில் ஒரு போன் செருகியிருந்தது. அது அடித்தது. திரையில் வெறும் எண்கள். காதில் வைத்தாள்.

"அம்மா." ஒரு பெண் குரல், மூச்சு வாங்க. "அம்மா, கடையில யாருக்கும் என்னைத் தெரியலம்மா. எதிர்லயே நிக்கிறேன். என்னைத் தாண்டிப் பாக்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு. ஏதாவது சொல்லும்மா."

பாவம், சின்னப் பெண். அவளுக்கு இரக்கமாக இருந்தது. இன்று எத்தனை பேர் அம்மா என்று வந்துவிட்டார்கள். ஆனாலும் இந்தக் குரலில் என்னவோ இருந்தது, அதனால் கொஞ்சம் கூடுதல் பொறுமையோடு, மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குப் பிள்ளை கிடையாதும்மா."

காலைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். கீழ் வீட்டைப் பார்த்துச் சொன்னாள். "அவங்களுக்குப் பிள்ளை கிடையாது." அந்த வீடு வாங்கியது. அதற்கடுத்த வீடு வாங்கியது. குரல்கள் சரிவில் இறங்கிப் போயின. ஒரு குரலுக்கும் அடுத்த குரலுக்கும் நடுவில் போனுக்குள்ளிருந்து "அம்மா" என்று கேட்டது. அடுத்த இடைவெளியில் இன்னும் சன்னமாக. அடியில் முதல் வீடு சொல்லி முடித்த பிறகு வந்த இடைவெளியில் ஒன்றும் இல்லை. தையல்காரர் போனை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி வைத்தார்.

அவளைப் பார்க்க வரிசை கட்டியிருந்தார்கள். முதலில் நின்ற ஒரு இளம் தாய் மண்டியிட்டு, துணியில் சுற்றிய கைக்குழந்தையை நீட்டினாள். பிறந்து அதிக நாள் ஆகவில்லை. முகம் சிவந்து வீரிட்டு அழுதது.

"எப்பப் பாத்தாலும் அழுகைதாம்மா. ஒரு நிமிஷம் உங்க கையில வச்சிருங்க. போதும்."

அவள் வாங்கினாள். எங்கே பிடிப்பது என்று அவள் கைகளுக்குத் தெரியவில்லை. இரண்டு அக்குளிலும் விரலைக் கொடுத்து, குடத்தைத் தூக்குவது போலத் தூக்கிப் பிடித்தாள். தலை பின்னால் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. அவ்வளவு தூரம் சாயும் என்று யாரும் எதிர்பார்க்காத அளவுக்குச் சாய்ந்து, தொங்கியது. முன்வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் பிள்ளை வளர்த்தவர்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் கை பாதி வரை எழுந்து, தயங்கி, மறு கையோடு சேர்ந்து குவிந்துகொண்டது. அம்மாவிடம் போய், தலையைப் பிடியுங்கள் என்று எப்படிச் சொல்வது?

அழுகை நின்றது.

தாய் கண்ணை மூடியிருந்தாள். கன்னத்தில் நீர் வழிய, சிரித்தாள். பக்கத்து வீட்டு வாசல் பக்கம் திரும்பி, கண்ணைத் திறக்காமலேயே, பக்கத்து வாசலுக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னாள்.

"அம்மா தொட்டதும் அழுகை நின்னிருச்சு."

அந்த வீடு வாங்கியது. அதற்கடுத்த வீடு வாங்கியது.